ஒரே ஆண்டில் 4.94 கோடியா, 3.2 கோடியா? துப்பாக்கி சுடும் விளையாட்டின் ஆள் கணக்கு

கேள்வி இதுதான்: துப்பாக்கி சுடுதல் மாதிரியான பொழுதுபோக்கு விளையாட்டுகளில் ஆள் சேர்ந்துகொண்டே போகிறது என்று ஒரு பக்கம் செய்தி வருகிறது, இன்னொரு பக்கம் ரேஞ்சுகள் (சுட்டுப் பழகும் இடங்கள்) மூடப்படுகின்றன, கிளப்புகளில் தலை நரைத்தவர்கள்தான் மிச்சம் என்கிறார்கள், இதில் எது உண்மை?

இரண்டும் உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் அவர்கள் எண்ணுகிற ஆட்களே வேறு வேறு.

2016ஆம் ஆண்டின் அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். இந்த விஷயத்தில் கணக்கு அங்கேதான் கொட்டிக் கிடக்கிறது. துப்பாக்கித் தொழில்துறையின் சங்கமான நேஷனல் ஷூட்டிங் ஸ்போர்ட்ஸ் ஃபவுண்டேஷன் எடுத்த ஆய்வு, 18 வயது நிரம்பியவர்களில் 4.94 கோடி பேர் அந்த ஆண்டில் இலக்கு வைத்துச் சுட்டிருக்கிறார்கள் என்றது. அதே ஆண்டு அரசாங்கத்தின் மீன் மற்றும் வனவிலங்குத் துறை எடுத்த தேசிய ஆய்வு 16 வயதிலிருந்து எண்ணியது. அதில் வந்த எண் 3.2 கோடி சொச்சம். 16 வயதிலிருந்து எண்ணினால் கூடத்தானே வேண்டும்? ஒன்றே முக்கால் கோடி குறைந்திருக்கிறது.

யாரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. "போன வருடம் இலக்கு சுடப் போனீர்களா?" என்று பொதுவாக ஒரே கேள்வியாகக் கேட்டால் பாதிப் பேருக்கு ஞாபகம் வராது. கைத்துப்பாக்கி சுட்டீர்களா, ரைஃபிள் சுட்டீர்களா, பறக்கும் களிமண் தட்டைச் சுட்டீர்களா, உள்ளரங்கிலா, வெட்டவெளியிலா என்று வகை வகையாகப் பட்டியல் போட்டுக் கேட்டால் "அட ஆமாம், மாமனார் வீட்டுக்குப் போனபோது நாலு ரவுண்டு சுட்டேனே" என்று வந்துவிடும். அப்புறம், துப்பாக்கி பற்றிய ஆய்வு என்று தெரிந்ததும் துப்பாக்கியில் ஆர்வம் உள்ளவர் பொறுமையாகப் பதில் சொல்வார், ஆர்வம் இல்லாதவர் போனை வைத்துவிடுவார். கடைசியாக, மனிதனின் ஞாபகம் காலத்தைச் சுருக்கும். 15 மாதத்துக்கு முன்னால் போனதைப் "போன வருடம்தான்" என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவிடுவோம். மீன்பிடித்தல், வேட்டை கணக்கில் இது நன்றாகத் தெரிந்த பிரச்சினை. அதனால்தான் 1991இல் அந்த அரசு ஆய்வு ஞாபகப்படுத்தச் சொல்லும் காலத்தை ஒரு வருடத்திலிருந்து நாலு மாதமாகக் குறைத்தது. குறைத்ததால் 1991க்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் நேரடியாக ஒப்பிட முடியாமல் போனது. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கோணலாகும்.

இதே கதை 2022இலும் நடந்தது. அதே அரசு ஆய்வில் 16 வயதுக்கு மேற்பட்ட வேட்டைக்காரர்கள் 2011இல் 1.37 கோடி, 2016இல் 1.15 கோடி, 2022இல் 1.44 கோடி. இதை மட்டும் வரைபடமாகப் போட்டால் விழுந்து எழுந்த கதை மாதிரி அழகாக இருக்கும். ஆனால் 2022இல் ஆய்வு எடுத்த அமைப்பே மாறிவிட்டது, நேர்காணலுக்குப் பதில் இணையமும் தபாலும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன, பழைய எண்களோடு ஒப்பிடாதீர்கள் என்று அறிக்கையிலேயே எச்சரிக்கை இருக்கிறது. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

ஆகவே போக்கு தெரிய வேண்டுமென்றால், ஒரே ஆய்வு, ஒரே கேள்வி, ஒரே முறையில் பல வருடம் எடுத்ததை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். தொழில்துறைச் சங்கத்தின் எண்கள் உயரமாகத் தெரிந்தாலும் அவற்றுக்குள் ஒரு தொடர்ச்சி இருக்கிறது: 2009இல் 3.44 கோடி, 2012இல் 4.08 கோடி, 2014இல் 5.12 கோடி, 2016இல் 4.94 கோடி, 2018இல் 5.21 கோடி. ஐந்து வருடம் வேகமாக ஏறிவிட்டு, அப்புறம் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்ட மாதிரி நிற்கிறது. ஏறுகிற அந்தக் கட்டத்தில் புதிதாக வந்தவர்கள் யார் என்று பார்த்ததில், பழையவர்களை விட இளையவர்கள், பெண்கள் அதிகம், நகரத்தார் அதிகம். பழைய பாதை என்ன? கிராமத்தில் பிறந்து, அப்பாவோடு காட்டுக்குப் போய், வேட்டை வழியாகத் துப்பாக்கி பழகுவது. புதிய பாதையில் காடும் இல்லை, அப்பாவும் இல்லை. தோழியோடு உள்ளரங்கு ரேஞ்சுக்குப் போய், வாடகைத் துப்பாக்கியில் ஐம்பது தோட்டா சுட்டுவிட்டு, காகித இலக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவது. என் கணிப்பில் இந்த விஷயத்தின் மிகப் பெரிய மாற்றம் இதுதான், மொத்த எண்ணிக்கை கூடியதோ குறைந்ததோ இரண்டாம் பட்சம்.

இந்த மாற்றத்தை அரசுகளும் உணர்ந்துவிட்டன, காரணம் பணம். அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டின் சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம் தனி வரி. அது மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. வேட்டைக்காரர் பணம் கொடுப்பார், வேட்டை விலங்குகள் பிழைக்கும் என்பது அன்றைய ஏற்பாடு. இன்று தோட்டாவைக் கட்டுக்கட்டாகக் காலி செய்கிறவர் காட்டுப் பக்கமே போகாத ரேஞ்ச் ஆள். வேட்டைக்காரருக்கு ஒரு சீசனுக்கு ஒரு பெட்டி தோட்டா மிச்சமே இருக்கும், களிமண் தட்டு சுடுகிறவருக்கு ஒரு சனிக்கிழமைக்கே அது போதாது. ஆக, மானுக்கும் வாத்துக்கும் யார் செலவு செய்கிறார்கள் என்று பார்த்தால், மானையே பார்த்திராத ஆள். 2019இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, பொது ரேஞ்ச் கட்டினால் செலவில் 90 சதவீதத்தை மத்திய நிதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், மாநிலம் 10 சதவீதம் போட்டால் போதும் என்று ஆக்கினார்கள். அதற்கு முன் மாநிலப் பங்கு 25 சதவீதம்.

துப்பாக்கி விற்பனையை வைத்துப் பங்கேற்பை அளக்கிற பழக்கமும் உண்டு. அது இன்னும் மோசம். அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குபவருக்கான பின்னணிச் சோதனைகள் 2019இல் சுமார் 2.84 கோடி, 2020இல் 3.97 கோடி. ஒரே வருடத்தில் ஒரு கோடிக்கு மேல் தாவல். இது விளையாட்டு வளர்ச்சியா? பெருந்தொற்று, கலவரம், தேர்தல் எல்லாம் சேர்ந்த பயம் அது. வாங்கியவர்களில் பலருடைய துப்பாக்கி அலமாரியை விட்டு வெளியே வந்திருக்காது. வேடிக்கை என்னவென்றால், விற்பனை எகிறுகிற காலத்தில் நிஜமாக விளையாடுகிறவர் திண்டாடுவார். 2013லிருந்து இரண்டு மூன்று வருடம் பயிற்சிக்கான சிறிய .22 தோட்டா கிடைக்கவில்லை, பயிற்சிக்கு வருகிற மாணவர்களுக்குக் கொடுக்கவே இல்லை என்று கிளப்புகள் கையைப் பிசைந்தன. கடையில் கூட்டம், ரேஞ்சில் அமைதி.

துப்பாக்கியை விடுங்கள், மற்ற விளையாட்டுகளிலும் இதே குழப்பம்தான். பிக்கிள்பால் என்று ஒரு விளையாட்டு, 1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் பிறந்தது. விளையாட்டுச் சாமான் தயாரிப்பாளர்களின் சங்கம் 2022இல் அமெரிக்காவில் 89 லட்சம் பேர் விளையாடினார்கள் என்றது. அந்தக் காலத்திலேயே ஒரு தொழில்முறை பிக்கிள்பால் சங்கம் ஒரு ஆய்வு நடத்தி 3.65 கோடி என்றது. நாலு மடங்கு! இரண்டாவதை அப்படியே தலைப்பாகப் போட்டவர்கள் ஏராளம். முதல் சங்கத்தின் தொடரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் 2021இல் 48 லட்சம், 2023இல் 1.36 கோடி, 2024இல் 1.98 கோடி. இது பொய்யில்லாத வளர்ச்சி. எந்த எண்ணை நம்பினாலும் அது ஏறுகிறது என்பதில் சந்தேகம் வராது, சந்தேகமெல்லாம் உயரத்தில்தான்.

கோல்ஃப் இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அங்கே "விளையாடினார்" என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. 2023இல் அமெரிக்காவில் 4.5 கோடி பேர் கோல்ஃப் ஆடினார்கள் என்று நேஷனல் கோல்ஃப் ஃபவுண்டேஷன் சொல்கிறது. பிரித்துப் பார்த்தால் புல்வெளியில் இறங்கி ஆடியவர் 2.66 கோடி. மீதி 1.84 கோடி பேர் புல்லையே மிதிக்காதவர்கள், திரை வைத்த அறையிலோ பந்து அடிக்கும் கேளிக்கை மையத்திலோ மட்டும் ஆடியவர்கள். இவர்களைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று பழைய கோல்ஃப் ஆட்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள். நான் சேர்ப்பேன், ஆனால் தனிக் கட்டத்தில்.

துப்பாக்கி சுடுதலுக்கும் அந்தத் தனிக் கட்டம் வந்துகொண்டிருக்கிறது. லேசர் துப்பாக்கி. சுடுதல் உட்பட ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த மாடர்ன் பென்டத்லானின் வீரர்கள் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெல்லட்டை (ஏர் துப்பாக்கியின் சிறு ஈயக் குண்டை) கைவிட்டு லேசருக்கு மாறினார்கள். பாரம்பரியவாதிகள் புலம்பினார்கள். ஆனால் லேசர் என்பதால்தான் அந்த விளையாட்டின் உலகக் கூட்டமைப்பால் ஓட்டத்தையும் சுடுதலையும் சேர்த்து ஒரு போட்டியைப் பூங்காவிலும் தெருவிலும் நடத்த முடிகிறது. குண்டைத் தடுக்க மண்மேடு வேண்டாம், உரிமம் வேண்டாம், ஈயம் வேண்டாம், பத்து வயதுப் பிள்ளையை நிறுத்தலாம். அந்தப் பிள்ளை சுடுதலில் "பங்கேற்றது" என்று எழுதலாமா? உங்களிடமே விடுகிறேன்.

இப்போது மறுபக்கம், கிளப் காலியாகிறது என்கிற புகார். அதற்கு நல்ல உதாரணம் பௌலிங், கிரிக்கெட் பௌலிங் இல்லை, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற உள்ளரங்கு விளையாட்டு. அமெரிக்காவில் 1970களின் இறுதியில் பௌலிங் சங்கங்களில் ஆண் பெண் சேர்த்து சுமார் 90 லட்சம் உறுப்பினர்கள். இன்று பத்து லட்சம் சுற்றி. ஆனால் வருடத்துக்கு ஒரு முறையாவது பந்தை உருட்டுகிறவர்கள் இன்னும் கோடிக்கணக்கில்! பிறந்தநாள் விருந்து, அலுவலகக் கூட்டாளிகளோடு ஒரு மாலை. தலையை எண்ணினால் விளையாட்டு நன்றாக இருக்கிறது, செவ்வாய்க்கிழமை தவறாமல் வருகிறவரை எண்ணினால் சிதைந்துவிட்டது. சுடுதல் கிளப்புகளிலும் நடப்பது பெரும்பாலும் இதுதான். சந்தா கட்டி, ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டி, இலக்குச் சட்டத்துக்கு ஆணி அடிக்கிற ஆள் குறைகிறார், காசு கொடுத்து ஒரு மணி நேரம் சுட்டுவிட்டுப் போகிற ஆள் கூடுகிறார். நான் சில வருடம் ஒரு கிளப்பில் புதியவர்களுக்கு வகுப்பு எடுத்தவன். வகுப்பு எப்போதும் நிரம்பும். மூன்றாம் மாதம் அதே முகங்களைத் தேடினால் விரல் விட்டு எண்ணலாம். அந்த வகுப்பு முழுவதும் வருடக் கணக்கில் "பங்கேற்றவர்கள்"தான்.

இதனால்தான் இங்கிலாந்தின் ஆக்டிவ் லைவ்ஸ் ஆய்வு "கடந்த 28 நாளில் குறைந்தது இரண்டு முறை" என்று கேட்கிறது. வருடத்துக்கு ஒரு முறை என்ற தளர்ந்த வலையில் மாட்டுகிற விருந்தாளிகள் இதில் நழுவிவிடுவார்கள். எண் சிறியதாக வரும், சங்கங்களுக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

சரி, ஆள் கூடுவதையும் குறைவதையும் உண்மையில் எது தீர்மானிக்கிறது? பதக்கம், சினிமா, விளம்பரம் என்பார்கள். அவை கதவு வரை கூட்டி வரும். 2012இல் வில்லேந்திய கதாநாயகி ஒருத்தி திரையில் வந்த பிறகு அமெரிக்க வில்வித்தை கிளப்புகளில் சிறுமிகள் வரிசையில் நின்றார்கள். நின்றவர்களுக்கு இடம் இருந்ததற்கு வேறொரு காரணம் உண்டு: பள்ளிகளில் வில்வித்தை கற்றுத்தரும் திட்டம் 2002இலேயே கென்டக்கியில் தொடங்கிப் பரவியிருந்தது. களிமண் தட்டு சுடுதலிலும் மினசோட்டாவில் தொடங்கிய பள்ளி லீக் ஒன்று பல மாநிலங்களுக்குப் பரவியது, அதில் ஆண் பெண் ஒரே அணி, பெஞ்சில் உட்காரவைக்கிற பழக்கம் கிடையாது, எல்லோரும் சுடலாம். கால்பந்தில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு அது போதும். வெறுமனே பார்ப்பது மட்டும் ஆளைக் கொண்டுவராது என்பதற்கு ஜெர்மனியின் பயத்லானைச் சொல்லலாம். குளிர்காலத்தில் தொலைக்காட்சியில் லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு முதுகில் ரைஃபிளோடு ஓடுகிறவர்கள் எத்தனை பேர்? பனியும் ரேஞ்சும் சேர்ந்து இருக்கிற ஊர்களில் மட்டும், ஒரு சிறு கூட்டம்.

என்னைக் கேட்டால் இடம்தான் முதல் காரணம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளைப் பாருங்கள். ரைஃபிள் இலக்கில் 10 மதிப்பெண் வட்டம் அரை மில்லிமீட்டர் புள்ளி, உலகத்திலேயே முசுடான விளையாட்டுகளில் ஒன்று. ஆனால் இடம் என்று பார்த்தால் ஒரு நீள அறை போதும். வெடிமருந்து இல்லை, சத்தம் இல்லை, 4.5 மில்லிமீட்டர் பெல்லட், பல நாடுகளில் சட்டமும் ஏர் துப்பாக்கியிடம் சற்றுத் தளர்வாக நடந்துகொள்கிறது. ஏர் ரைஃபிள் 1984இல்தான் ஒலிம்பிக்குக்குள் வந்தது, ஏர் பிஸ்டல் 1988இல். இந்தியாவில் சுடுதல் பரவியதும் இந்தக் கதவு வழியாகத்தான். அபினவ் பிந்த்ராவின் 2008 தங்கம் 10 மீட்டர், பாரிஸ் 2024இல் கிடைத்த மூன்று வெண்கலங்களில் மனு பாக்கரின் இரண்டும் 10 மீட்டர் (ஒன்று சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து), ஸ்வப்னில் குசாலேயுடையது மட்டும் 50 மீட்டர். நகரத்து மாடிக் கட்டடத்தில் 50 மீட்டருக்கு எங்கே போவது? இதற்கு நேர் எதிர், வெட்டவெளி ரேஞ்ச். ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்ததைச் சுற்றி வீடுகள் வந்துவிடும், அப்புறம் சத்தம் என்று புகார், மண்ணில் ஈயம் என்று வழக்கு, ஒரு நாள் பூட்டு. அந்தப் பகுதியில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று மறு வருட ஆய்வில் வரும். ஆர்வம் எங்கும் போகவில்லை, பக்கத்து ரேஞ்ச் ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குப் போய்விட்டது.

சட்டமும் இடம் மாதிரிதான், ஒரே நாளில் கதவை அடைக்கும். ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளிப் படுகொலை 1996இல் நடந்தது, 1997இல் பிரிட்டனில் கைத்துப்பாக்கி தடை. சுமார் 1,62,000 கைத்துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. அந்தத் தடை தேவையா என்பது வேறு விவாதம், இங்கே அதைத் தொடவில்லை. பங்கேற்பு என்ற கோணத்தில், ஒரு பிரிவு விளையாட்டே அந்த மண்ணில் நின்றுபோனது. 2002 காமன்வெல்த் போட்டிக்கும் 2012 ஒலிம்பிக்குக்கும் தனி அனுமதி போட்டுத்தான் பிஸ்டல் போட்டி நடத்தினார்கள். சுட்டுப் பழகியவர்களில் சிலர் ரைஃபிளுக்கும் களிமண் தட்டுக்கும் ஏர் பிஸ்டலுக்கும் மாறினார்கள், சிலர் விட்டுவிட்டார்கள்.

சுவிட்சர்லாந்து இதற்கு நேர்மாறு. அங்கே படைக் கடமை உள்ள வீரர் வருடத்துக்கு ஒரு முறை கட்டாயமாகச் சுட வேண்டும், கிளப்புகள்தான் அதை நடத்திக் கொடுக்கின்றன. அதற்கு மேல் ஃபெல்ட்ஷீசென் என்ற வருடாந்தரத் திருவிழாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விரும்பிக் கலந்துகொள்கிறார்கள். படையின் அளவைக் குறைத்தால் கிளப்புக்கு வருகிற கால்தடமும் குறைகிறது. யாருடைய ரசனையும் மாறாமலே போக்கு மாறும்.

இன்னொரு காரணம், போட்டி அமைப்பு யாருக்குக் கதவு திறக்கிறது என்பது. 1976 மான்ட்ரியாலில் ஆண்களோடு ஒரே போட்டியில் சுட்டு அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக் வெள்ளி வாங்கினார். 1992 பார்சிலோனாவில் சீனாவின் ஜாங் ஷான் கலப்பு ஸ்கீட்டில் (களிமண் தட்டு சுடுதலில் ஒரு பிரிவு) எல்லா ஆண்களையும் தாண்டித் தங்கம் வாங்கினார், பரிசாக அடுத்த ஒலிம்பிக்கில் ஸ்கீட்டை ஆண்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள்! பெண்களுக்கான ஸ்கீட் 2000இல்தான் வந்தது. டோக்கியோவில் ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 6, கலப்பு அணிக்கு 3 என்று சமமானது. அந்தச் சமத்துக்காக ஆண்களின் 50 மீட்டர் பிஸ்டல், படுத்துச் சுடும் ரைஃபிள், ஒரே நேரத்தில் பறக்கும் இரண்டு தட்டுகளைச் சுடும் டபுள் டிராப் மூன்றும் பலியானது. ஒலிம்பிக்கை விட்டுப் போன பிரிவுக்கு நிதி வற்றும், பயிற்சியாளர் வேறு பிரிவுக்குத் தாவுவார். 2004இல் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வாங்கிய டபுள் டிராப் பக்கம் இன்று எந்தச் சிறுவன் போவான்?

வயது பற்றிப் புலம்புகிறவர்களிடம் மட்டும் நான் சேருவதில்லை. சுவீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1920இல் 72 வயதில் ஒலிம்பிக் வெள்ளி வாங்கியவர், பாரிஸில் சாதாரணக் கண்ணாடியும் டி-ஷர்ட்டுமாக (சுடுவதற்கான சிறப்புக் கண்ணாடிக் கருவி எதுவும் மாட்டாமல்) நின்று உலகத்தைச் சிரிக்கவைத்த துருக்கியின் யூசுஃப் டிகெச்சுக்கு 51. முதுமையில் தொடரக்கூடிய விளையாட்டில் சராசரி வயது கூடுதலாக இருப்பது நோய் இல்லை. கீழிருந்து ஆள் வருகிறதா என்பதைத்தான் தனியாகப் பார்க்க வேண்டும்.

கேட்டவர் பின்குறிப்பாக, ஒரே ஒரு எண்ணைப் பார்க்கச் சொன்னால் எதைப் பார்ப்பீர்கள் என்றும் கேட்டிருந்தார். போன வருடம் முதல் முறை சேர்ந்தவர்களில் இந்த வருடம் சந்தாவைப் புதுப்பித்தவர்கள் நூற்றுக்கு எத்தனை என்பதை. அதைக் கிளப்பின் பதிவேட்டிலேயே ஒரு மத்தியானத்தில் எண்ணிவிடலாம், நான் கேட்ட கிளப்புகளில் பாதிக்கு மேல் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை.